சொந்தப் பாட்டோடு சிட்டி கிளப்புக்குப் போகும் பேண்டுகளுக்கு: மெயில் அனுப்புவதிலிருந்து பணம் வந்துசேரும் வரை

நூறு, நூற்றைம்பது பேர் நிற்கக்கூடிய ஒரு அறை. ஒரு மூலையில் ஓரடி உயர மேடை, எதிர்மூலையில் பார். சிட்டி கிளப் என்றால் பெரும்பாலும் இவ்வளவுதான். வாடகை, ஆள் சம்பளம், லைசன்ஸ் கட்டணம் எல்லாமே அந்த பாரில் விற்கும் பீரிலிருந்தும் சைடு டிஷ்ஷிலிருந்தும் வருகிறது. அதனால் உங்கள் பாட்டு எவ்வளவு நல்ல பாட்டு என்பது அங்கே இரண்டாவது கேள்வி. ஒரு புதன்கிழமை ராத்திரி இந்த பேண்டுக்காக எத்தனை பேர் வருவார்கள், வந்தவர்கள் எவ்வளவு நேரம் உட்காருவார்கள் என்பதுதான் முதல் கேள்வி. இதில் கோபப்பட ஒன்றுமில்லை. நமக்கு மைக்கும் மேடையும் வைத்திருப்பதே அந்த வியாபாரம்தான்.

முதல் ஷோ எப்படியாவது கிடைத்துவிடும். யாராவது தெரிந்தவர் சொல்வார், அல்லது ஒரு பேண்ட் கடைசி நேரத்தில் வராமல் போகும். அதே இடத்திலிருந்து இரண்டாவது அழைப்பு வருவதுதான் கடினம். கீழே எழுதியிருப்பதெல்லாம் அந்த இரண்டாவது அழைப்பை மனதில் வைத்துத்தான்.

எந்த ஊர், எந்த அறை

சென்னை பேண்டுகள் அடிக்கடி கேட்பது: "நம்ம ஊரில் ஏன் இப்படி இடமே இல்லை?" காரணம் ரசனையில் இல்லை, மது உரிமத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2003 முதல் சில்லறை மது விற்பனை டாஸ்மாக் கையில். தனியார் பார் வேண்டுமென்றால் பெரும்பாலும் உறுப்பினர் கிளப்புக்கான எஃப்எல்2 அல்லது நட்சத்திர ஹோட்டலுக்கான எஃப்எல்3 உரிமம் வாங்க வேண்டும். ஒருவர் தெருவில் ஒரு கட்டடத்தை வாடகைக்கு எடுத்து, சின்னதாக ஒரு பாரும் மேடையும் போட்டு, வாரம் மூன்று நாள் புது பேண்டுகளை ஏற்றலாம் என்று நினைத்தால் கணக்கு ஒத்துவராது. மிச்சமிருப்பது ஹோட்டல் பார். அங்கே விருந்தினர்களுக்குத் தெரிந்த பாட்டைத்தான் கேட்பார்கள். இல்லையென்றால் பிரெஞ்சு பண்பாட்டு மையமான அலியான்ஸ் பிரான்சேஸின் அரங்கம் மாதிரி பார் இல்லாத, உட்கார்ந்து கேட்கும் இடங்கள்.

ஆகவே சென்னை பேண்டின் முதல் கிளப் ஷோ சுமார் 350 கிலோமீட்டர் தள்ளி, பெங்களூருவில் நடக்க வாய்ப்பு அதிகம். அங்கேயும் அறைக்கு அறை குணம் வேறு. கோரமங்களாவில் கில்லீஸ் ரீடிஃபைன்டில் இருக்கும் ஃபேண்டம், நின்று ஆடும் கூட்டத்துக்கானது. வைட்ஃபீல்டின் விண்ட்மில்ஸ், உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே ஜாஸ் கேட்கும் இடம். அங்கே டிஸ்டார்ஷன் பெடலை மிதித்தால் பக்கத்து மேஜைக்காரர் ஸ்பூனைக் கீழே வைத்துவிடுவார். டெல்லியின் பியானோ மேனும் கேட்பவர்களின் அறைதான். மும்பையின் ஆன்டி சோஷல் நேர் எதிர்.

மெயில் அனுப்பும் முன் அந்த இடத்துக்கு ஒரு வார நாளில் சாதாரண வாடிக்கையாளராகப் போய் உட்காருங்கள். முடியாவிட்டால் அங்கே வாசித்த பேண்டுகளிடம் விசாரியுங்கள். டிரம் செட் யாருடையது, வாசிப்பவர்கள் தங்களைக் கேட்க மேடையில் எத்தனை மானிட்டர் ஸ்பீக்கர், சவுண்ட் இன்ஜினியர் வீட்டு ஆளா வெளி ஆளா, கூட்டம் எத்தனை மணிக்கு வருகிறது: இந்த நான்கும் தெரிந்தால் போதும்.

இன்னொன்று, கிளப்புகளுக்கு ஆயுசு குறைவு. மும்பை லோயர் பரேலின் புளூ ஃபிராக் 2007-ல் தொடங்கி 2016-ல் மூடியது. பெங்களூரு இந்திராநகரின் ஹம்மிங் ட்ரீ 2013 முதல் 2019 வரை. இடம் மூடினாலும் அங்கே பேண்டுகளைத் தேர்ந்தெடுத்தவர் அடுத்த இடத்துக்குப் போவார். உறவை போர்டில் இருக்கும் பெயரோடு வைக்காதீர்கள், அந்த ஆளோடு வையுங்கள்.

சட்டம் உங்கள் ஷோவைத் தொடும் இடம்

பெங்களூருவில் நேரடி இசைக்கு போலீஸ் உரிமம் வேண்டும் என்ற 2005-ம் ஆண்டு ஆணையை உச்ச நீதிமன்றம் 2018 ஜனவரியில் உறுதிசெய்தது. குடியிருப்பவர்களின் சத்தப் புகார்களும் சேர்ந்துகொள்ள, அந்த வருடம் இந்திராநகர் பக்கம் பல இடங்களில் ஷோக்கள் நின்றன. உரிமம் எடுப்பது கிளப்பின் வேலை. ஆனால் நிகழ்ச்சி ரத்தானால் டிரெயின் டிக்கெட் போட்டவர் நீங்கள். "லைவ் மியூசிக் லைசன்ஸ் இருக்கா?" என்று கேட்க வெட்கப்படாதீர்கள். ஒழுங்கான இடம் இருக்கிறது என்று ஒரு வார்த்தையில் சொல்லும். மழுப்புகிற இடத்தைத் தவிர்த்துவிடலாம்.

2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி ராத்திரி 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. மூடிய அறைக்கு விலக்கு உண்டு. மாடித்தோட்டம், முற்றம் என்று அழகாக இருக்கும் இடங்களில் 10 மணி என்றால் 10 மணிதான். அங்கே ஹெட்லைனராக, அதாவது கடைசியாக ஏறும் முக்கிய பேண்டாக, 9:15-க்கு மேடை ஏறச் சொன்னால், 45 நிமிடத்துக்கு மேல் ஒரு பாட்டும் திட்டமிடாதீர்கள்.

வயதையும் கேளுங்கள். மது விற்கும் பல இடங்கள் 21-க்குக் கீழே உள்ளே விடுவதில்லை. டெல்லியில் மது அருந்தச் சட்டப்படியான வயதே 25. உங்கள் ரசிகர்கள் கல்லூரி முதலாண்டுப் பிள்ளைகள் என்றால் பாதிப் பேர் வாசலோடு திரும்புவார்கள். உங்கள் டிரம்மருக்கே 19 என்றால் முன்கூட்டி எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

மெயிலில் என்ன எழுதுவது

ஆறு முதல் எட்டு வாரம் முன்னால் எழுதுங்கள். நாலே பத்தி: நீங்கள் யார், என்ன மாதிரி பாட்டு, எந்தத் தேதிகள், எத்தனை பேர் வருவார்கள். கூடவே ஒரே ஒரு வீடியோ. ஸ்டுடியோவில் எடுத்த மியூசிக் வீடியோ வேண்டாம். ஒரு கேமராவில், வெட்டாமல், நேரில் வாசித்த மூன்று நிமிடம். தேர்ந்தெடுப்பவர் பார்ப்பது உங்கள் லைட்டிங்கை அல்ல. பாடுகிறவர் சுருதியில் நிற்கிறாரா, பாட்டு முடிந்ததும் கூட்டம் என்ன செய்கிறது என்பதைத்தான்.

எண்ணிக்கையில் பொய் சொல்லாதீர்கள். இன்ஸ்டாகிராமில் 8,000 பேர் இருப்பதற்கும் வியாழக்கிழமை டிராஃபிக்கைத் தாண்டி கோரமங்களா வருவதற்கும் சம்பந்தமில்லை. "பெங்களூருவில் எங்களுக்கு முதல் ஷோ, 25 பேர் உறுதி, உள்ளூர் பேண்ட் ஒன்றோடு சேர்ந்து வருகிறோம், அவர்களுக்கு 50 பேர் வருவார்கள்" என்று எழுதும் மெயிலுக்குப் பதில் வரும். வெளியூர் பேண்டுக்கு இதைவிட நல்ல உத்தி எனக்குத் தெரியாது: அங்குள்ள பேண்டுக்குச் சென்னையில் ஒரு மேடை ஏற்பாடு செய்து கொடுங்கள், அவர்கள் ஊரில் அவர்களோடு ஏறுங்கள்.

பதில் வரவில்லையா? பத்து நாள் கழித்து ஒருமுறை நினைவூட்டுங்கள். அப்புறம் விட்டுவிடுங்கள். ராத்திரி 11 மணிக்கு வாட்ஸ்அப்பில் "ப்ரோ எனி அப்டேட்?" என்று கேட்பவரை யாரும் மேடை ஏற்ற விரும்புவதில்லை.

பணம்: இங்கே நிதானமாகப் படியுங்கள்

பேச்சு நான்கு வகையில் வரும். ஒன்று, நிலையான தொகை. கூட்டம் வந்தாலும் வராவிட்டாலும் இவ்வளவு. இரண்டு, டிக்கெட் பங்கு. மூன்று, குறைந்தபட்சத் தொகை அல்லது பங்கு, இரண்டில் எது அதிகமோ அது. நான்கு, "சாப்பாடு, டிரிங்ஸ் நம்ம பொறுப்பு, எக்ஸ்போஷர் கிடைக்கும்". மூன்றாவது கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு சரி சொல்லுங்கள். நான்காவதை உள்ளூரில், முதல் ஷோவுக்கு மட்டும் ஒப்புக்கொள்ளலாம். வெளியூருக்கு ஒருபோதும் வேண்டாம். பேண்டே பணம் கட்டி, அல்லது இத்தனை டிக்கெட்டைத் தன் தலையில் போட்டுக்கொண்டு வாசிக்கும் ஏற்பாடும் சில இடங்களில் உண்டு. அதைத் தொடவே தொடாதீர்கள்.

பங்கு என்றால், எதிலிருந்து பங்கு என்று கேளுங்கள். 499 ரூபாய் டிக்கெட், 80 பேர் வந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 39,920. டிஸ்ட்ரிக்ட், ஸ்கில்பாக்ஸ், புக்மைஷோ மாதிரி டிக்கெட் தளத்தின் கழிவு பத்து சதவீதம் என்று வைத்தால் மிச்சம் சுமார் 35,900. அதில் உங்களுக்கு 70 சதவீதம் என்றால் 25,100. கிளப் 10 சதவீதம் டிடிஎஸ் (பணம் தரும்போதே பிடிக்கும் வருமான வரி) பிடித்தால் கையில் வருவது 22,600 சொச்சம். ஐந்து பேர் போகவர டிக்கெட், ஒரு ராத்திரி தங்கும் அறை, இரண்டு நடைக்கு வண்டி வாடகை, சாப்பாடு எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். இன்ஜினியர் கூலியையும் விளம்பரச் செலவையும் பங்கு பிரிப்பதற்கு முன்பே கழிப்பார்களாம் என்று ஷோ முடிந்தபிறகு தெரிய வந்தால், டிரெயின் காசுகூடத் தேறாது. 499 என்ற விலைக்கும் ஒரு காரணம் உண்டு: 500 ரூபாய் வரையிலான இசை நிகழ்ச்சி டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி விலக்கு இருக்கிறது. ஒரு ரூபாய் தாண்டினால் 18 சதவீதம் சேரும்.

"கவர் சார்ஜ்" என்றால் இன்னும் உஷார். வாசலில் வாங்கும் ஆயிரத்தை உள்ளே சாப்பாட்டில் கழித்துக்கொள்ளலாம் என்றால், அது டிக்கெட் பணம் இல்லை, சாப்பாட்டுக்கான முன்பணம். அதில் உங்களுக்குப் பங்கு தரமாட்டார்கள். அப்படிப்பட்ட இடத்தில் நிலையான தொகை மட்டுமே பேசுங்கள்.

பேசியது எதுவானாலும் ஒரு மெயிலாக எழுதி, "சரி" என்று பதில் வாங்குங்கள். தொகை, பங்கு, எதெல்லாம் கழிவு, எந்தத் தேதிக்குள் பணம், ரத்தானால் என்ன, எத்தனை பேருக்குச் சாப்பாடு, விருந்தினர் பட்டியலில் எத்தனை பெயர். வக்கீல் வேண்டாம், பத்து வரி போதும். வெளியூர் என்றால் பயணச் செலவு அளவுக்காவது முன்பணம் கேளுங்கள்.

பணம் யார் கணக்குக்கு வருகிறது என்பதையும் இப்போதே தீர்த்துக்கொள்ளுங்கள். ஒரு உறுப்பினரின் பான் எண்ணைக் கொடுத்தால் வருமானம் முழுவதும் அவர் பெயரில்தான் பதிவாகும். மற்ற நால்வருக்கும் அவர் பிரித்துக் கொடுத்தது வருமான வரித் துறைக்குத் தெரியாது. மாதம் ஒரு ஷோவைத் தாண்டிவிட்டால் ஒரு ஆடிட்டரைப் பார்த்து, பேண்ட் பெயரில் கூட்டாண்மையும் வங்கிக் கணக்கும் தொடங்குவது நல்லது.

டெக் ரைடர்

மேடையில் உங்களுக்கு என்னென்ன வேண்டும் என்று கிளப்புக்கு முன்கூட்டி அனுப்பும் பட்டியல் இது. ஒரு பக்கம் போதும். மேலே மேடைப் படம்: யார் எங்கே நிற்கிறார், மின் இணைப்பு எங்கே வேண்டும். கீழே வரிசையாக உள்ளீடுகள்: கிக், ஸ்நேர், ஓவர்ஹெட், பேஸுக்கு டிஐ பாக்ஸ் (கருவியை நேராக மிக்சரில் இணைக்கும் சின்னப் பெட்டி), கிதார் ஆம்புக்கு எஸ்எம்57 மைக், கீபோர்டுக்கு இரண்டு டிஐ, பாட்டுக்கு இரண்டு எஸ்எம்58 மைக். யாருக்கு மானிட்டரில் என்ன கேட்க வேண்டும் என்பதையும் சேருங்கள். நீங்கள் கொண்டுவருவது எது, அவர்கள் தர வேண்டியது எது என்று பிரித்து எழுதுங்கள்.

பறையோ தவிலோ வைத்திருக்கும் பேண்டுகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. வெளியூர் இன்ஜினியர் அதைப் பார்த்தே இருக்கமாட்டார். படம் வைத்து, எந்தப் பக்கம் மைக் என்று அம்புக்குறி போடுங்கள். நூறு பேர் அறையில் பறைக்கு மைக்கே வேண்டியதில்லை. அதன் சத்தத்துக்குத் தக்கபடி மற்ற எல்லாவற்றையும் ஏற்றுவதுதான் அங்கே மிக்ஸிங். மிருதங்கத்துக்கு நேர்மாறு. டிரம் பக்கத்தில் உட்கார வைத்தால் அதன் மைக்கில் சிம்பல்தான் கேட்கும், தூரமாக உட்கார வையுங்கள்.

பயணம்

பிருந்தாவன் எக்ஸ்பிரஸில் காலையில் கிளம்பினால் மதியம் பெங்களூரு. மாலை சவுண்ட் செக்குக்கு அது போதும். திரும்பும்போது பெங்களூரு–சென்னை மெயிலை நம்பாதீர்கள், ராத்திரி 11-க்கு முன்பே கிளம்பிவிடும். அந்த நேரத்தில் நீங்கள் கேபிள் சுற்றிக்கொண்டிருப்பீர்கள். பின்னிரவுப் பேருந்து, அல்லது தங்கிவிட்டுக் காலை ரயில்.

டிரம்மர் எடுத்துப் போக வேண்டியது சிம்பல், ஸ்நேர், கிக் பெடல். மீதி செட் அங்கே இருக்கும். விமானம் என்றால் உள்நாட்டில் பொதுவாக 15 கிலோதான், சிம்பல் பையே அதில் பாதியைத் தின்னும். கிதாரைச் சரக்கில் போட நேர்ந்தால் கம்பிகளைத் தளர்த்தி, கழுத்துக்கு அடியில் துணி வைத்து, கடினப் பெட்டியில் போடுங்கள்.

ஷோ நாள்

சொன்ன நேரத்துக்குப் பதினைந்து நிமிடம் முன்னால் போங்கள். முதலில் இன்ஜினியரிடம் பெயர் சொல்லி அறிமுகமாகுங்கள். அன்று ராத்திரி உங்கள் பேண்டின் இன்னொரு உறுப்பினர் அவர்.

அடுத்தது மின்சாரம். இதை எந்த பேண்டும் செய்வதில்லை, எல்லா பேண்டும் செய்ய வேண்டும். நம் ஊர் 230 வோல்ட். கிதார் ஆம்ப் ஒரு பிளக்கிலும் மிக்சர் வேறு பிளக்கிலும் இருந்து, இரண்டில் ஒன்றில் எர்த் சரியில்லை என்றால், கிதார் கம்பியில் கை வைத்துக்கொண்டு மைக்கில் உதடு படும்போது ஷாக் அடிக்கும். சில சமயம் சுள்ளென்று. சில சமயம் உயிர் போகும் அளவுக்கு. முன்னூறு ரூபாய் மல்டிமீட்டர் ஒன்றைப் பையில் வைத்திருங்கள். ஏசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைக் கிதார் கம்பியிலும் இன்னொன்றை மைக்கின் வலையிலும் வையுங்கள். பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் சரி. 60, 90 என்று காட்டினால் கிதாரைக் கீழே வைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடச் சொல்லுங்கள், சரியாகும்வரை வாசிக்காதீர்கள். ஹம் சத்தத்தை நிறுத்த பிளக்கின் மூன்றாவது பின்னை உடைக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. ஹம் வந்தால் டிஐ பாக்ஸின் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டுங்கள், எர்த் பின்னைத் தொடாதீர்கள்.

சவுண்ட் செக் வழக்கமாகத் தலைகீழ் வரிசையில் நடக்கும்: கடைசியாக வாசிக்கும் பேண்ட் முதலில் செக் செய்யும், முதலில் வாசிக்கும் பேண்ட் கடைசியில் செக் செய்து அப்படியே மேடையில் எல்லாவற்றையும் விட்டுவைக்கும். ஓப்பனிங் பேண்ட் என்றால் நேரம் குறுகி லைன் செக் (ஒவ்வொரு இணைப்பிலும் சத்தம் வருகிறதா என்று மட்டும் பார்ப்பது) தான் மிஞ்சும், அதற்கும் தயாராகப் போங்கள். இன்ஜினியர் ஸ்நேர் கேட்கும்போது ஸ்நேர் மட்டும். அந்த நேரத்தில் கிதாரிஸ்ட் ரிஃப் பயிற்சி செய்யும் பேண்டை எல்லா இன்ஜினியரும் ஞாபகம் வைத்திருப்பார்கள்.

சின்ன அறையில் சத்தத்தை நிர்ணயிப்பது டிரம். பாட்டு அதற்கு மேலே ஏற வேண்டும், ஏற்றினால் மைக் ஊளையிடும். ஆகவே குரல் கேட்கவில்லை என்றால் குரலைக் கூட்டச் சொல்லாதீர்கள், மேடையைக் குறையுங்கள். 15 வாட் ஆம்ப் தாராளம். அதைத் தரையில் வைத்து முழங்காலுக்கு வாசிப்பதற்குப் பதில், சாய்த்து காதைப் பார்த்து வையுங்கள், தானாகவே குறைப்பீர்கள். ஆட்கள் நிறைந்ததும் அறையின் கீச்சொலி அடங்கும். காலி அறையில் கூர்மையாகக் கேட்கிறதே என்று பதற வேண்டாம்.

செட்லிஸ்டைக் கறுப்பு மார்க்கரில் பெரிதாக எழுதி ஆளுக்கொன்று ஒட்டுங்கள். சிவப்பு மையில் எழுதினால் சிவப்பு லைட் போட்டதும் வெறும் வெள்ளைத்தாள்தான் தெரியும். பாட்டுகளுக்கு நடுவே டியூனரைப் பார்த்துக்கொண்டு ஒரு நிமிடம் மௌனமாக நிற்காதீர்கள், அந்த ஒரு நிமிடத்தில்தான் கூட்டம் பார் பக்கம் திரும்பும். வேறு டியூனிங் பாட்டுகளை ஒன்றாக அடுக்குங்கள். நேரம் போதாவிட்டால் எதை வெட்டுவது என்பதும் ஏறும் முன்பே முடிவாகியிருக்க வேண்டும்.

தமிழில் பாடும் பேண்டுகள் பெங்களூருவில் தயங்கத் தேவையில்லை. கூட்டத்தில் சிலருக்குப் புரியும், மற்றவர்களுக்கு ஒரே வரியில் பாட்டு எதைப் பற்றி என்று சொன்னால் போதும். ஒரு கன்னட வணக்கம் சொல்லுங்கள். அரை மணிநேர விளக்கவுரை வேண்டாம். கூட்டம் பேசிக்கொண்டேதான் இருக்கும். "கொஞ்சம் கேளுங்க" என்று மைக்கில் கடிந்துகொள்ளும் பாடகரை அந்த இடம் மறுபடி கூப்பிட்டு நான் பார்த்ததில்லை. சத்தத்தைக் குறைத்து ஒரு மெதுவான பாட்டைப் போடுங்கள், பல சமயம் அதுவே வேலை செய்யும்.

கவர் பாட்டு, அதாவது பிறருடைய பாட்டு, ஒன்றிரண்டு இருக்கலாம். அதற்கு, பாடலாசிரியர்கள், இசையமைப்பாளர்களுக்காக ராயல்டி வசூலிக்கும் ஐபிஆர்எஸ் அமைப்பின் உரிமம் எடுக்க வேண்டியது நிகழ்ச்சி நடத்துபவர். அதே ஐபிஆர்எஸ்ஸில் உங்கள் பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் உறுப்பினராகி, சொந்தப் பாட்டுகளைப் பதிவுசெய்து வையுங்கள். 2012-ல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டபின் எழுதியவரின் ராயல்டி பங்கு இன்னும் வலுவாகியிருக்கிறது.

இறங்கிய பிறகு

மேடையைப் பத்து நிமிடத்தில் காலி செய்யுங்கள். பெடல் போர்டை மேடையிலேயே பிரித்து அடுக்க வேண்டாம், அப்படியே தூக்கி ஓரமாகப் போய்ச் செய்யலாம்.

பிறகு ஒரே ஒருவர், முன்பே முடிவான ஒருவர், குடிக்காத ஒருவர், மேலாளரிடம் போய்க் கணக்குக் கேட்க வேண்டும். வாசல் எண்ணிக்கை எவ்வளவு, ஆன்லைனில் எவ்வளவு, விருந்தினர் பட்டியலில் எத்தனை பேர் வந்தார்கள் என்று அந்த இடத்திலேயே எழுதி, போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பேண்டின் சாப்பாட்டு பில் ஒப்புக்கொண்டதைத் தாண்டியிருந்தால் அன்றே கட்டிவிடுங்கள். மறுநாள் காலை பான், வங்கி விவரம், தேதி, தொகையோடு இன்வாய்ஸ் அனுப்புங்கள். இன்வாய்ஸ் போகாதவரை கிளப்பின் கணக்காளருக்கு உங்கள் ஷோ நடக்கவே இல்லை. சொன்ன நாளில் வராவிட்டால் அடுத்த நாளே நினைவூட்டுங்கள். முப்பது நாள் தாண்டினால் இன்ஜினியரையோ தேர்ந்தெடுத்தவரையோ தொந்தரவு செய்யாமல் கணக்காளரின் எண்ணை வாங்கி நேராகப் பேசுங்கள்.

அடுத்த தேதியை உடனே கேட்காதீர்கள். ஒரு வாரம் விட்டு, அன்று எடுத்த ஒரு நல்ல வீடியோவோடு எழுதுங்கள். அதே ஊரில் இரண்டு மாதத்துக்குள் இன்னொரு கிளப்பில் வாசித்தால் இருக்கிற 40 பேரே இரண்டாகப் பிரிவார்கள். சில இடங்கள் அதைத் தடுக்க நிபந்தனையே போடும். அந்த இடைவெளியில் மைசூரு, கோவை, கொச்சி என்று பக்கத்து ஊர்களைப் பாருங்கள். மறுபடி எழுதும்போது இந்த முறை மெயிலில் இருக்கும் எண்ணிக்கை, வாசலில் எண்ணிய உண்மையான எண்ணிக்கையாக இருக்கும். "போன முறை 62 டிக்கெட், அதில் 31 எங்கள் லிங்கிலிருந்து" என்று எழுதி, மூன்று தேதிகளைக் கீழே போட்டு அனுப்புங்கள்.